கொரியா முகத்தார்

மூன்று உலகத்திலும் என் அக்கா எஸ்தரின் வலது கன்னத்தைப் போல ஆராயப்பட்ட நிலப்பரப்பு வேறு கிடையாது. நிலாவின் பள்ளங்களைக்கூட விஞ்ஞானிகள் இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும், பார்த்துவிட்டு அழுததில்லை. பருவெல்லாம் போய் அந்தக் கன்னம் தெளிந்தால் சென்னைக்கு மழை வரும், மெட்ரோ வேலை முடியும், மயிலாப்பூரில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். அப்படித்தான் எங்கள் வீட்டில் நம்பிக்கை.

கொரியா கிரீமே கதி என்று கிடக்கும் அக்காவைப் போன்றவர்களுக்குக் கொரியா முகத்தார் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாத இனம் இல்லை. தெருமுனைவரை பால் வாங்கப் போவதற்குச் சூரியனோடு சண்டைக்குப் போவதுபோல் முகமெல்லாம் வெள்ளையாகப் பூசி, அதன்மேல் துப்பட்டா சுற்றி, அதற்கும் மேல் குடை பிடித்து, நிழல் பார்த்து நிழல் பார்த்து நடந்து, எதிரே வரும் அத்தை பாசத்தோடு கன்னத்தைக் கிள்ள வந்தால் செயின் திருடனைக் கண்டதுபோல் பின்வாங்கி, தன்னுடையது சென்சிட்டிவ் ஸ்கின் என்று குலப்பெருமை சொல்வதுபோல் சொல்கிறாரே, அவர்தான்.

மற்றவர்களுக்கு இருப்பது தோல். இவர்களுக்கு ஸ்கின்.

மந்தைவெளியில் பறக்கும் ரயிலில் ஏறினால் மற்றவர்கள் சீட் தேடுவார்கள். இவர்கள் எதிர் சீட்டுக்காரம்மாவின் நெற்றியைப் பார்த்து, பாவம், ஈரப்பதம் போதவில்லை என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தம்மா கேட்டாரா? கேட்டால்தான் சொல்ல வேண்டுமா?

இவர்களுடைய மந்திரம் ஒரே சொல். ஜென்டில். நுரை ஜென்டில், துடைக்கிற பஞ்சு ஜென்டில், இப்போது புதிதாக வந்திருக்கிற, முகத்தோலை உரிக்கும் பீலிங் ஜெல் எல்லாவற்றையும்விட ஜென்டில். அதில் லேசான அமிலம் இருக்கிறதாம். பரு வருகிற முகத்துக்குக்கூட ஒன்றும் செய்யாதாம். வேதியியலுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதால் நான் நம்பிவிட்டேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் எங்கள் அம்மா ஜான்சி நம்பவில்லை. எங்கள் வீட்டில் ஆசிட் என்றால் அது கக்கூஸ் கழுவ.

"மூஞ்சில ஆசிட் பூசிக்கினு எவடி அழகா ஆயிருக்கா?" என்றார் அம்மா.

அந்த ஜெல்லைத் தேய்த்தால் சின்னச் சின்ன உருண்டையாக உதிரும். அத்தனையும் செத்த தோல் என்று அக்கா எனக்குப் பாடம் எடுத்தாள். நான் கொஞ்சம் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் தேய்த்துக் காட்டினேன். அங்கேயும் உருண்டை உருண்டையாக உதிர்ந்தது. ஃப்ரிட்ஜுக்கும் தோல் செத்துவிட்டதா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். ஆதாரத்துக்கெல்லாம் அசைகிற இனமா அது? ஜெல்லை வீணாக்கியதற்கு முதுகில் ஒன்று விழுந்தது.

இதுவரை வேடிக்கை. இனி ஜவஹர் சார் வருகிறார்.

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் அக்காவுக்கு மூன்றாவது மாடியில் வேலை. துண்டு, தலையணை உறை. தரைத்தளத்தில் பட்டுப் பிரிவில் ஓர் இடம் காலியானது. புடவையை ஒரு உதறலில் விரித்து, முந்தானையை வந்தவர் தோளிலேயே போட்டுக் காட்டும் வித்தை அக்காவுக்குக் கைவந்தது. கடையில் எல்லோருக்கும் அது தெரியும். சூப்பர்வைசர் ஜவஹர் சாருக்கும் தெரியும். தெற்கத்திக்காரர், நல்ல மனுஷன், குரலை உயர்த்தவே மாட்டார்.

"பட்டுப் பிரிவுல மூஞ்சிதாம்மா மொதல்ல தெரியும்," என்றாராம். "ஆடித் தள்ளுபடிக்குள்ள கொஞ்சம் தெளியட்டும். பொறவு பாப்போம்."

திட்டியிருந்தால் அக்கா திருப்பித் திட்டியிருப்பாள். அன்பாகச் சொன்னதற்கு என்ன செய்வது? வீட்டுக்கு வந்து ஜெல்லை எடுத்தாள்.

இங்கேதான் ஒரு சங்கதி. ஜெல் கொரியாவிலிருந்து வந்தது. கை பட்டினப்பாக்கத்துக் கை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எழுதப் பழகுவதற்கு முன்பே மீனுக்குச் செதில் எடுக்கப் பழகியவர்கள். வாலிலிருந்து தலைக்கு, எதிர்த்திசையில், அழுத்திப் பிடித்து, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல். மோவாயிலிருந்து கண்ணுக்குக் கீழ்வரை அக்கா அப்படித்தான் போனாள். ஓர் உருண்டை உதிர்ந்தால் இன்னொன்று இருக்குமே என்று மறுபடியும் போனாள். முடித்தபோது கண்ணாடியில் இருந்தது ஒரு சங்கரா மீன். அவ்வளவு சிவப்பு.

நாலைந்து கேலி தயாராக வைத்திருந்தேன். அக்கா டியூபைக் குப்பைக்கூடையில், இறால் ஓட்டுக்கு மேல், போட்டாள்.

"நான் துண்டு செக்‌ஷன்லயே இருந்துக்கிறேன்," என்றாள்.

கேலியை அப்படியே மூட்டை கட்டி வைத்தேன்.

அவள் போனதும் டியூபை எடுத்துக் கழுவிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனேன். ஆராய்ச்சிக்காக மட்டும். போன் வீடியோவில் ஒரு கொரியாக்கார அம்மா தேய்த்துக் காட்டினார். அதைத் தேய்ப்பது என்று சொன்னால் பாவம். தூங்குகிற பூனைமேல் உட்கார்ந்த ஈயை, பூனைக்குத் தெரியாமல் ஓட்டுவதுபோல மோதிர விரலை ஓட்டினார். என் கன்னத்தில் அப்படியே செய்து பார்த்தேன். சிவக்கவில்லை.

வெளியே வந்து, "யக்கா, நீ செதில் எடுக்கிற. அது உன் மூஞ்சி," என்றேன்.

அக்கா தன் கையைப் பார்த்தாள். அம்மா சிரிக்க ஆரம்பித்து, தானும் அப்படித்தான் முகம் கழுவுகிறார் என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்த எரிச்சல் அடங்கும்வரை அக்கா வெறும் தண்ணீரும் கிரீமும் தவிர எதையும் தொடவில்லை. அப்புறம் பூனை முறை. மோவாயில் ஓரிரண்டு பரு காலி செய்ய மறுத்தன, மற்றவை போய்விட்டன. ஆடி பிறப்பதற்கு முன்பு ஜவஹர் சார் அவளை ஒருமுறை பார்த்து, நாளையிலிருந்து கீழே வந்துவிடச் சொன்னார். கொரியா ஜெயித்தது என்றாள் அக்கா. தேய்க்காமல் விட்டதுதான் ஜெயித்தது என்றார் அம்மா.

பட்டுப் பிரிவில் முதல் நாள் முடிந்து வந்த சாயங்காலம், அக்கா ஜடையை அவிழ்த்தபடியே பொதுவாகப் பேச்செடுத்தாள்.

"கீழ செக்‌ஷன்ல ஒரு பொண்ணு சொல்லிச்சுடா. அந்த ஜெல்ல தினமும் காலைல தேய்க்கணுமாம். மூஞ்சி ஈரமா இருக்க சொல்ல."

"தினமுமா? அறிவு கீதா அதுக்கு? வாரத்துக்கு ஒருவாட்டிதான் யக்கா. அதுவும் சாயங்காலம், நல்லா காஞ்ச மூஞ்சில. காலைல தேச்சிட்டு வெயில்ல போனா, நம்மள மாதிரி சென்சிட்டிவ் ஸ்கின்னுக்கு..."

நிறுத்தினேன். ஆனால் அந்த 'ஸ்கின்' வெளியே வந்துவிட்டது.

சிரிக்காதீர்கள் வாசகரே. தினமும், காலையில், ஈரத்தோடு என்று அவள் சொன்னபோது உங்களுக்கும் 'ஐயையோ, தப்பு' என்று மனசு பதறியதா? பதறியிருந்தால் நீங்களும் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். அக்கா ஏற்கெனவே என் மோவாயை, ரொம்ப ஜென்டிலாக, பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"எந்தப் பொண்ணும் ஒண்ணும் சொல்லல நைனா," என்றாள். "காதாண்ட ஜெல் உருண்டை இன்னும் ஒட்டிக்கினு கீது. தொடச்சுக்கோ."