பாசிக்கு உடம்பு சரியில்லை

ஒரு காட்டில், மழை பெய்யாததற்குக்கூட ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்கிற காட்டில், நப்பின்னை என்றொரு தேரை இருந்தாள். கத்திரி வெயிலில் தோல் காய்ந்தால் தேரைக்கு உயிரே போய்விடும். ஆகவே, மலையேற வந்தவர்கள் எறிந்துவிட்டுப் போன பெரிய ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி, கூழாங்கல், கரித்தூள், மண் என்று அடுக்கி, மேலே பாசியை அமுக்கி, ஒரு வாய்த் தண்ணீர் துப்பி, மூடியைத் திருகிவிட்டாள். உள்ளே ஆவி எழும்பும், கண்ணாடியில் துளியாகும், பாசிமேலேயே இறங்கும். வெயில் முற்றியதும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வதாகத் திட்டம்.

எல்லாம் சரியாகத்தான் போனது. வாய்தான் சும்மா இருக்கவில்லை. "பாசி ஓரத்துல கொஞ்சம் பழுத்தாப்ல இருக்கு" என்று அணிலிடம் சொல்லிவிட்டாள்.

தொலைந்தது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க அந்தக் காட்டில் யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள்.

யானை அத்தை தும்பிக்கை நிறையத் தண்ணீரோடு வந்தாள். "பாவம், நாக்கு வறண்டு கிடக்கு" என்று மூடியைத் திறந்து ஊற்றினாள்.

"அத்தை, அதுக்கு நாக்கே கிடையாது!"

"அதான் வாய்விட்டுக் கேக்க முடியல."

கரடி மாமா தேனடை கொண்டுவந்து பிழிந்தார். குரங்குச் சித்தப்பா பாட்டிலை வெயிலில் தூக்கி வைத்தார். "உன்னை இப்படிப் போட்டு மூடினா நீ சும்மா இருப்பியா?"

"இருப்பேன்! அதுக்குத்தானே வளர்க்கிறேன்!"

"எதுத்துப் பேசுறதைப் பாரு."

பாசி கறுத்து நாறியது. நப்பின்னை பாறைமேல் ஏறி, ஆவி ஏன் வெளியே போகக்கூடாது என்று ஆதாரத்தோடு விளக்கினாள். "என்னமா பேசுறா!" என்று எல்லோரும் மெச்சினார்கள். திரும்பும் வழியில் ஆளுக்கொரு இளநீர் வெட்டிப் பாட்டிலில் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

வாதத்தில் அவள் ஜெயித்தாள். பாசி செத்தது.

மறுநாள் புதுப்பாசி வைத்து மூடி, பாட்டிலைப் பலா வேருக்கடியில் ஒளித்தாள். வெட்டவெளியில் தேக்கிலை விரித்து, அதில் ஓர் உருண்டைக் கல்லைக் கிடத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, யானை அத்தை வந்ததும் மூக்கை உறிஞ்சினாள். "நேத்துலேருந்து பேச்சே இல்ல, அத்தை."

"ஐயோ, எப்படி இருந்த பாசி! கல்லாட்டம் கிடக்கே!"

தேன் வந்தது, பலாச்சுளை வந்தது. தேனுக்கு எறும்பும் சுளைக்கு ஈயும் வந்தன. நோயாளியின் தலைமாட்டில் இருந்தபடியே நப்பின்னை நாக்கை நீட்டி நீட்டிச் சாப்பிட்டாள். கத்திரி பிறந்ததும் பாட்டிலுக்குள் புகுந்து, ஈரப்பாசியில் முகம் புதைத்துத் தூங்கினாள்.

மழை விழுந்ததும் வெளியே வந்தாள். கல்மேல் பச்சையாய்ப் பாசி படர்ந்திருந்தது.

"பாத்தியா, எப்படித் தேத்திட்டோம்!" குரங்குச் சித்தப்பா மார்தட்டினார். "கோடை பூரா நீ எங்கேடி போன?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கல்மேல் ஒரு கொழுத்த ஈ வந்து உட்கார்ந்தது. நாக்கை நீட்டி அதை விழுங்கி, வாயை மூடிக்கொண்டாள்.

நீதி: அக்கறை உள்ளவர்களுக்கு ஆதாரத்தைக் காட்டாதே, கல்லைக் காட்டு.