இருபத்திரண்டு வருடம் தண்ணீர் கேட்காத மரம்

மசாக்கா,
டிசம்பர் 22.

என் மனைவியின் மூத்த சகோதரரும் இரட்டைப் பிள்ளைகளின் தந்தையுமான மதிப்பிற்குரிய சலோங்கோ கலேமா அவர்களுக்கு,

தங்கள் வீட்டார் நலமா, மாடுகள் நலமா, ஜிஞ்சாவில் மழை போதுமா என்று முறைப்படி விசாரிக்கிறேன். தாங்கள் "எல்லாம் நலம்" என்று சொல்லி, பதிலுக்கு என்னை விசாரித்ததாகவும், நானும் நலம் என்று சொன்னதாகவும் வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். எழுதவேண்டிய விஷயத்தை நினைத்தால் இந்த விசாரிப்பிலேயே இரண்டு பக்கத்தைக் கழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் குரலைக் கேட்டதும் நான் மாடுகளை மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன். ஆகவே இதைப் பேருந்து நடத்துநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம், தாங்கள் எங்களுக்குத் தந்த பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம். இருபத்திரண்டு வருடமாக அது எங்கள் முன்னறையில் நிற்கிறது. டிசம்பர் 26 அன்று தாங்கள் உள்ளே வந்ததும் முதலில் மரத்தைத்தான் பார்ப்பீர்கள். பிறகுதான் தங்கள் தங்கை எஸ்தேரியைப் பார்ப்பீர்கள். என்னை அதற்கும் பிறகு. ஏழாவது வருடம் மரத்தை மூலைக்கு நகர்த்தியிருந்தோம். அன்று தாங்கள் மத்தோக்கே வாழைக்காய் மசியலை இரண்டாம் முறை வாங்கிக்கொள்ளவில்லை. வேளாண்மைத் துறையில் முப்பத்தோரு வருடம் மழை அளந்தவன் நான்; இதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். மரம் இல்லாவிட்டால் தாங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்கு அன்றே புரிந்துவிட்டது. எஸ்தேரிக்கோ வருடம் முழுவதும் இருக்கிற ஒரே அண்ணன் வருகை அதுதான். இப்போது அந்த மரம் முன்னறையில் இல்லை.

நடந்தது இதுதான். நவம்பர் 18 அன்று மகள் நாசுனா கம்பாலாவிலிருந்து வந்தாள். அங்கே அவள் சுற்றுச்சூழல் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். பண்டிகையை இயற்கையாகக் கொண்டாடுவது எப்படி என்று ஒன்பது பக்கத் தாள் கொண்டுவந்திருந்தாள். எங்கள் தேவாலயக் குழுவும் இந்த வருடம் இயற்கையான வீட்டுக்குப் பரிசு என்று அறிவித்திருந்தது. இரண்டு வெள்ளமும் ஒரே நாளில் என் வாசலுக்கு வந்தன. தரையில் விரிப்புக்குப் பதிலாகப் புதுப் புல் பரப்பலாம் என்று முதல் பக்கம் சொன்னது. எஸ்தேரி தலையை நிமிர்த்தாமல் புல்லைப் பரப்பிக்கொண்டே, "எங்க அம்மா காலத்துல இருந்து இதத்தானே பரப்புறோம். காகிதம் வராம புல்லு முளைக்காதா?" என்றாள். கோழியை வாழையிலையில் கட்டி வேகவைத்தால் பாத்திரத்துக்கு உறை தேவையில்லை என்று நான்காம் பக்கம் சொன்னது. எஸ்தேரி அப்போது இலையைத்தான் வாட்டிக்கொண்டிருந்தாள். "இதுக்கா உன்னப் படிக்க வெச்சோம்? அடுப்பங்கரைக்குள்ள வந்திருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே" என்றாள். நாசுனா கோபப்படவில்லை. "அம்மா, நீங்க தெரியாமலே சரியாச் செய்றீங்க. அதைத் தெரிஞ்சு செய்யணும், அவ்வளவுதான்" என்று தாளில் ஒரு சரி போட்டுக்கொண்டாள்.

ஏழாம் பக்கத்தில்தான் பிளாஸ்டிக் வந்தது. நாசுனா மரத்தைப் பார்த்தாள். "அப்பா, இத வெச்சுக்கிட்டு நான் எப்படி அலுவலகத்துல தலை காட்டுறது?" என்றாள். மகளுக்கும் மைத்துனருக்கும் நடுவே நிற்கத் தெரியாத நான் ஒரு திட்டம் போட்டேன். குழு டிசம்பர் 21ஆம் தேதி வீட்டைப் பார்த்து மதிப்பெண் போட வந்து போகும். தாங்கள் 26ஆம் தேதி வருவீர்கள். இடையிலுள்ள நாட்களில் மரத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடலாம். அதுவரை எங்கே ஒளிப்பது? பரண், கிடங்கு, கட்டிலடி எல்லாவற்றையும் நாசுனா பிளாஸ்டிக் தேடிச் சோதித்துவிட்டாள். பச்சையை ஒளிக்கப் பச்சைதான் ஏற்ற இடம் என்று பட்டது. வாழைத் தோப்பின் கோடியில், இரண்டு தூறுகளுக்கு நடுவே, ஒன்றரை அடிக் குழி வெட்டி மரத்தை நட்டுவிட்டேன். நல்ல யோசனை என்று நினைத்தேன். நான் நல்ல யோசனை என்று நினைத்தவற்றைத் தனியாகக் குறித்து வைத்திருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது.

பிறகு நூற்றுப் பதினான்கு மில்லிமீட்டர் மழை பெய்தது. பூசணிக்கொடி மரத்தின்மேல் ஏறி உச்சியில் ஒரு பூ விட்டது. தேன்சிட்டு ஒன்று மூன்றாம் கிளையில் கூடு கட்டியது. நேற்று குழு வந்தது. போதகர் கக்வா புல்லை மிதித்துப் பார்த்துப் பாராட்டினார். முன்னாள் தலைமையாசிரியை நபுக்கேரா இலைக் கட்டுகளை எண்ணினார். எல்லாம் முடிந்து புறப்படும் நேரத்தில் நாசுனா குப்பைக் குழியைக் காட்டுகிறேன் என்று அவர்களைத் தோப்புக்குள் அழைத்துப் போய்விட்டாள். போதகர் நின்றுவிட்டார்.

"ஐயா, உயிரோட இருக்கிற கிறிஸ்துமஸ் மரம்! வெட்டாம வெச்சிருக்கீங்களே! எத்தன வயசு?"

"இருபத்திரண்டு" என்றேன்.

"தண்ணி நிறைய குடிக்குமோ?"

"ஒரு நாளும் ஊத்துனதில்ல."

"கோடையில இலை கொட்டுமா?"

"மொத்தமா ஒரு நூறு கொட்டியிருக்கும். அதுவும் துடைக்கும்போதுதான்."

நபுக்கேரா அம்மையார் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார். "வாசனையே இல்ல. அதான் பூச்சி அண்டல. இதோட விதை கிடைக்குமா?"

"இதுவரைக்கும் காய்க்கலைங்க" என்றேன்.

சலோங்கோ அவர்களே, நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. அந்த மரத்தடியில் தவழ்ந்து வளர்ந்த நாசுனா என்னைப் பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள், போதகர் கையிலிருந்த மதிப்பெண் தாளையும் பார்த்தாள். "அழிஞ்சுட்டு வர்ற ரகம்" என்றாள். முதல் பரிசு எங்களுக்கே. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, பளபளக்கும் பிளாஸ்டிக் தாளில் சுற்றியது. அதில் என்னை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். மரத்தைச் சுற்றி மூங்கில் வேலி அடித்து, "தொடாதீர்கள்" என்று பலகையும் மாட்டிவிட்டுப் போனார்கள். 26ஆம் தேதி பேராயரை அழைத்துவந்து காட்டுவார்களாம். கூட்டில் முட்டையும் இருக்கிறது. இனி அந்த மரத்தை நான் எப்படிப் பிடுங்குவேன்?

எஸ்தேரி நேற்று மாலையிலிருந்து என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "எங்க அண்ணன் வரலைன்னா பேராயருக்கு நீங்களே சமைச்சுப் போடுங்க."

ஆகவே தங்கள் காலடியில் வைக்கும் விண்ணப்பம் இதுதான். முன்னறையில் மரம் இல்லாவிட்டாலும் அருள்கூர்ந்து வாருங்கள். கோபம் இருந்தால் என்மேல் இருக்கட்டும். தங்கள் தங்கையின் சாப்பாட்டின்மேல் வேண்டாம். தங்கள் நாற்காலியை ஜன்னலோரம் போடுகிறேன். அங்கிருந்து தோப்பின் கோடி தெரியும். மரம் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது.

தங்கள் இல்லத்தில் எல்லாருக்கும் உடல் வலுவும், தொழுவத்தில் பாலும், இரட்டையர் இருவருக்கும் நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும்.

பணிவுடன்,
யோசாமு செர்வங்கா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். எஸ்தேரி வந்து, பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் தங்களோடு பேசிவிட்டதாகச் சொன்னாள். தாங்கள் சொன்னதை அவள் அப்படியே சொல்லிக் காட்டினாள்: "அந்த மரமா? இன்னுமா தூக்கிப் போடல? குளிர்பெட்டி வாங்கினப்போ கடைக்காரன் சும்மா கொடுத்தது அது. வருஷா வருஷம் துடைச்சு நடுவுல வெக்கிறீங்களே, மனசு நோகக் கூடாதுன்னு நான்தான் முதல்ல அதப் பாத்து வெச்சேன். மூலையில வெச்ச வருஷம் எனக்கு வயித்து வலி." ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாகக் கருதவும். ஆனால் பழையது போனது நல்லதாகப் போயிற்று என்று தாங்கள் இன்றே புதிதாக ஒன்று வாங்கிவிட்டதாகவும், அது ஏழடி உயரம் என்றும், விளக்கு எரியும், பாடும் என்றும் எஸ்தேரி சொல்கிறாள். தங்கள் அன்பை மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. பேராயர் பதினொரு மணிக்கு வருகிறார். தோப்பில் வேலிக்கு உள்ளேயே இன்னும் ஒரு மரத்துக்கு இடம் இருக்கிறது. ஏழடிக்கு இரண்டரை அடிக் குழி போதுமென்று கணக்கிட்டிருக்கிறேன்; வெட்டி வைக்கிறேன். பாட்டை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே தெரிவிக்கவும்.