சாப்பிடுவதற்கு ஆறு விதம்

மருமகளுக்குப் போட்ட முதல் போனிலேயே, மகனைத் தான் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டாள் சாவித்திரி. ஸ்பெயினில் லூசியா பயந்துபோய் போனை வைத்துவிட்டாள்.

"'சாப்பிடுவானா'ன்னு கேக்கச் சொன்னா, 'அவனைச் சாப்பிடுவேன்'னுட்டீங்களே அத்தே" என்று தலையில் கைவைத்தாள் பக்கத்து வீட்டுக் காவ்யா. அம்பத்தூரில் ஸ்பெயின்காரர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அவள்தான் ஸ்பானிஷ் வாத்தியார்.

திருநின்றவூரில் ஐம்பத்து மூன்று வயதில் ஸ்பானிஷ் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டியவள் சாவித்திரி ஒருத்திதான். ஆசைக்குப் படிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடிப் பதினெட்டு அன்று, வேலைக்குப் போன ஊரிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டதாக மகன் சரவணக்குமார் போன் செய்தான். "இனிமே உன் அம்மா செத்துட்டான்னு நெனச்சிக்கோ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். மறுநாளே அவனுக்குப் பிடித்த கூழ்வடகம் மாடியில் காய்ந்தது. பெற்றவள் கோபம் அவ்வளவுதானே.

அதற்குப் பிறகு அவன் பேசவேயில்லை. நம்பரையும் மாற்றிவிட்டான். அவனுடைய சிநேகிதனிடம் கெஞ்சிக் கேட்டதில் லூசியாவின் நம்பர் மட்டும் கிடைத்தது. அவளுக்கோ ஸ்பானிஷைத் தவிர வேறு பாஷை தெரியாது.

"கோமோ, கோமேஸ், கோமே." நான் சாப்பிடுகிறேன், நீ சாப்பிடுகிறாய், அவன் சாப்பிடுகிறான். ஆளுக்கொரு விதமாக ஆறு விதம். நேற்றைக்கு ஆறு, நாளைக்கு ஆறு. தமிழிலும் அப்படித்தான் என்றாள் காவ்யா. தமிழை யாரும் பரீட்சை வைத்துப் பேசச் சொல்லவில்லையே என்றாள் சாவித்திரி. வெங்காயம் நறுக்கும்போதும் முணுமுணுப்பு, துணி பிழியும்போதும் முணுமுணுப்பு.

"யாருக்குடி சூனியம் வெச்சிகினு கீற?" என்றார் கணவர் மனோகரன்.

முதல் போனின் தப்பைச் சரிசெய்ய இரண்டாவது போன். நான் கோபப்பட்டது தப்பு என்று சொல்ல, இறந்தகாலத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். வியர்வையில் பாதி அழிந்தது. "நீ கோபப்பட்டாய்" என்று மூன்று முறை அதட்டிவிட்டாள். லூசியா அழுகிற குரலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தாள்.

"மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க அத்தே."

"பெத்தவ 'துன்னானா'ன்னு கேக்க பேரு வேற சொல்லணுமா?"

இந்த வருஷ ஆடிப் பதினெட்டு வந்தது. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை என்று கிளறி வைத்தாள். ஒரு வாய் இறங்கவில்லை. சரவணன் தேங்காய் சாதத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்பான். அந்த நினைப்பில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு காவ்யாவைக் கூப்பிட்டாள்.

இந்த முறை கையில் எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி, நாற்பது நாள் மனப்பாடம் செய்தது.

"சரவணன் சாப்பிட்டானா?"

ஆளும் சரி, காலமும் சரி. காவ்யா கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். லூசியா இந்த முறை வைக்கவில்லை. யாரோ வயசானவள், பாஷை தெரியாதவள் என்று புரிந்துகொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். சாவித்திரிக்கு அத்தனையும் புரிந்தது. காவ்யாவின் உதவியே தேவைப்படவில்லை.

"இல்லைங்க, இன்றைக்கு அவர் பட்டினி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நாளில்தான் அவருடைய அம்மா இறந்துபோனாராம். நீங்கள் யார்?"