அத்திப்பழ நாவலும் இரண்டு நட்சத்திரமும்

ஒரு காட்டில், நாவல் மரத்தடியில் வாடகை நூலகம் ஒன்று நடந்துகொண்டிருந்த காலத்தில், கோமளவல்லி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். முதுகு பூராவும் முள், மனசு பூராவும் காதல் கதை. புது நாவல்கள் வெளிவரும் வெள்ளிக்கிழமைகளில் அவள் கிழங்கு தோண்டப் போகமாட்டாள். வளையின் வாசலில் உட்கார்ந்து அட்டை முதல் அட்டை வரை வாசிப்பாள். எந்தப் பக்கத்தில் கண் கலங்கியது, எந்தப் பக்கத்தில் கொட்டாவி வந்தது என்று குறித்தும் வைத்துக்கொள்வாள்.

காதல் நாவல் பிரியர்களுக்காக அந்தக் காட்டில் போனில் ஒரு குழு இருந்தது. 'மலர்வனம் வாசகியர் வட்டம்' என்று பேர். முந்நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் புதுப் புத்தகத்தையும் அங்கே சிபாரிசு செய்யலாம் என்றுதான் இருந்தது. பிறகு ஒரு மயில் தன் சொந்த நாவலின் அட்டைப்படத்தை ஒரே நாளில் பதினேழு தடவை போட்டான். ஒவ்வொரு தடவையும், 'தற்செயலாகக் கையில் கிடைத்தது, கீழே வைக்க முடியவில்லை' என்று வேறு எழுதினான். குழுவை நடத்திவந்த பர்வதம் என்ற மந்தி மறுநாளே ஒரு படிவம் கொண்டுவந்துவிட்டாள். புத்தகத்தை முழுதாக வாசித்தீர்களா? எழுதியவர் உங்களுக்கு உறவா, நட்பா, பக்கத்து மரமா? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்? முடிவைச் சொல்லாமல் கதையைச் சொல்லவும்.

மற்றவர்கள் படிவத்தை ஒப்புக்கு நிரப்பினார்கள். கோமளவல்லி மட்டும் பரீட்சை எழுதுகிற மாதிரி நிரப்புவாள். அவள் மூன்று நட்சத்திரம் போட்டால் நூலகத்தில் வரிசை நிற்கும். நான்கு போட்டால் வரிசையில் சண்டை நடக்கும். ஐந்து அவள் போட்டதே இல்லை. அதனாலேயே அவள் சொல்லுக்கு அந்தக் காட்டில் அப்படி ஒரு மதிப்பு.

அவளுக்கு ஒரே ஒரு உயிர்த்தோழி. சௌதாமினி என்கிற இருவாட்சி.

இருவாட்சிப் பறவைகளின் வழக்கம் தெரிந்ததுதான். முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் திறந்திருக்கும். ஆண் பறவை அந்தக் கீறல் வழியே பழம் ஊட்டும். இப்படி நான்கு மாதம். அந்த வருஷம் சௌதாமினி உள்ளே போகும்போது போனையும் எடுத்துக்கொண்டு போனாள். பொழுது போகவில்லை. ஐம்பதாவது நாள் ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டாள். நாற்பது அத்தியாயம். தலைப்பு, 'உன் அலகின் நுனியில் நான்'.

கறையான் பதிப்பகத்தார் அதை வெளியிட்டார்கள். அவர்கள் எதையும் வெளியிடுவார்கள். போகாத பிரதிகளைத் தாங்களே தின்றுவிடுவதால் அவர்களுக்குக் கவலை கிடையாது.

கோமளவல்லி மரத்தடிக்குப் போய் அண்ணாந்து நின்றாள். முப்பதடி உயரத்தில் இருந்த கீறல் வழியே சௌதாமினியின் குரல் வந்தது.

"கோமு, படிச்சியா?"

"படிச்சுக்கிட்டே இருக்கேன்டி."

"எந்த இடத்துல இருக்க?"

"அவன் அத்திப்பழம் கொண்டுவர்ற இடம்."

"அவன் எல்லா அத்தியாயத்துலயும்தானே கொண்டுவர்றான்?"

"ஆமா சௌதா. அதான் எந்த இடம்னு சொல்லத் தெரியல."

சௌதாமினி தணிந்த குரலில் சொன்னாள். "நீதான் குழுவுல அறிமுகம் பண்ணணும், கோமு. அம்பது நாளா இருட்டுல உட்கார்ந்து எழுதினது. வேற யார் சொன்னாலும் எனக்கு வேண்டாம்."

கோமளவல்லி நாவலை வாசித்து முடித்தாள். நடுவில் நான்கு தடவை தூங்கிப்போனாள். கதாநாயகன் பழம் கொண்டுவந்தான். நாயகி வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் பழம் கொண்டுவந்தான். இருபத்தெட்டாவது அத்தியாயத்தில் மழை பெய்தபோது, இன்றைக்காவது வராமல் இருந்து ஏதாவது நடக்காதா என்று அவள் ஏங்கினாள். நனைந்துகொண்டே வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனான்.

படிவத்தைத் திறந்தாள். பொய் எழுதினால் இத்தனை வருஷ மதிப்பும் போய்விடும். உண்மையை எழுதினால் தோழி போய்விடுவாள். பக்கத்தில் இருந்த கிழங்கைக் கடித்துக்கொண்டே யோசித்தாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். நல்லதென்றும் சொல்லாமல் கெட்டதென்றும் சொல்லாமல், உள்ளதை மட்டும் எழுதினாள்.

'கதாநாயகன் தினமும் பழம் கொண்டுவருகிறான். மழையிலும் கொண்டுவருகிறான். நாயகி சமைப்பதில்லை. சண்டை கிடையாது, பிரிவு கிடையாது, மாமியார் கிடையாது. நாற்பதாவது அத்தியாயம் வரை இப்படியே போகிறது. எழுதியவர் என் தோழி. இரண்டு நட்சத்திரம்.'

அனுப்பிவிட்டு, எதிரி வரும்போது செய்வதைப்போல முள்ளையெல்லாம் நிமிர்த்திக்கொண்டு சுருண்டு படுத்தாள். படிக்கிறவர்கள் புரிந்துகொண்டு ஒதுங்கிவிடுவார்கள், சௌதாமினிக்கும் அவ்வளவாக உறைக்காது என்பது அவள் கணக்கு.

போன் சிணுங்கியது. புள்ளிமான் ரேணுகா ஒற்றை வார்த்தை எழுதியிருந்தாள். 'தினமுமா?'

அடுத்து, கரடி வீட்டு வடிவு. 'கேட்காமலேயா?'

'மழையிலுமா?' என்றாள் ஒரு நரி. 'சமைக்கவே வேண்டாமா?' என்று ஒரு கேளையாடு கேட்டது. 'மாமியார் கிடையாதாம், பார்த்தீர்களா?' என்று ஐந்து பேர் ஒரே நேரத்தில் எழுதினார்கள்.

மத்தியானத்துக்குள் நூலக வரிசை நாவல் மரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடைவரை போய்விட்டது. கறையான்கள் தின்பதற்கென்று ஒதுக்கிவைத்திருந்த பிரதிகளையெல்லாம் அவசரமாக வெளியே எடுத்தார்கள். சிலவற்றில் முதல் அத்தியாயம் இல்லை. இருபதாவது அத்தியாயமும் அதுவும் ஒன்றுதான் என்று வாசகிகள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் சௌதாமினி கூப்பிட்டாள்.

"எல்லாரும் கொண்டாடறாங்க கோமு. நீ மட்டும் ஏன்டி ரெண்டு போட்ட?"

"அது வந்து..."

"உனக்குப் பிடிக்கலையா? உண்மையைச் சொல்லு."

உண்மையைச் சொல்லு என்று கேட்டால் கோமளவல்லிக்கு வேறெதுவும் சொல்ல வராது. "நாலு தடவை தூங்கிட்டேன் சௌதா," என்றாள்.

போன் துண்டிக்கப்பட்டது. மறுநாள் அவள் மரத்தடிக்குப் போய்க் கூப்பிட்டாள். கீறலிலிருந்து பாதி தின்ற அத்திப்பழம் ஒன்று வந்து அவள் தலையில் விழுந்தது. தற்செயலாக விழுந்ததாக அது தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் வடிவின் கணவன் வேலப்பன், இன்னும் பத்துப் பதினைந்து ஆண் விலங்குகளைக் கூட்டிக்கொண்டு கோமளவல்லியின் வளைக்கு வந்தான்.

"அம்மணி, வீட்டுல நிம்மதியா உட்கார முடியல," என்றான் வேலப்பன். "கையை வீசிக்கிட்டு வந்தீங்களான்னு கேக்கறா. கரடி வேற எப்படி வர்றது? அந்தப் புத்தகத்துல இருக்கிறது எல்லாம் கற்பனை, நிஜத்துல எந்த ஆம்பளையும் அப்படிச் செய்யறதில்லைன்னு குழுவுல ஒரு வரி எழுதிப் போடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"அது கற்பனை இல்லீங்களே," என்றாள் கோமளவல்லி. "சௌதாமினி வீட்டுக்காரர் நீலமேகம் நிஜமாவே தினமும் கொண்டுவர்றார். நானே பார்த்திருக்கேன்."

அவள் இதைச் சொன்னது வேலப்பனிடம்தான். ஆனால் வடிவு பின்னாலேயே வந்து புதரில் நின்றிருந்தாள்.

மறுநாள் காலையில் இருவாட்சி மரத்தைச் சுற்றி நூறு பேர். நீலமேகம் வாயில் பழத்தோடு பறந்து வந்தவன், கூட்டத்தைக் கண்டு மிரண்டு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்துகொண்டான். கோமளவல்லியைப் பார்த்ததும் பழத்தைக் கிளையில் வைத்துவிட்டுக் கெஞ்சினான்.

"கோமளாக்கா, இவங்கள்லாம் எதுக்கு என்னையே பார்க்கறாங்க? இதுல காதல் எங்க இருக்கு? அவளால வெளிய வர முடியாது. நான் கொண்டுவரலைன்னா அவ பட்டினி. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்று அவன் சொன்ன விதத்தைக் கேட்டுக் கீழே பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கோமளவல்லிக்கும் மூக்கு லேசாக அடைத்தது. இதே விஷயம் நாவலில் நாற்பது அத்தியாயமாக வந்தபோது ஏன் அடைக்கவில்லை என்று அவளுக்கு விளங்கவில்லை.

வடிவு மேலே பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "ஏங்க்கா, நாலு மாசமும் யாரும் உள்ளே வரமாட்டாங்களா?"

"வாசலே கிடையாதே," என்று கீறல் பதில் சொன்னது.

"விருந்தாளி?"

"எப்படி வருவாங்க?"

"புது நாவல் வந்தா?"

"படுத்துக்கிட்டே படிக்கலாம்."

கூட்டத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் ஓடைக்கரையில் அள்ளுவதற்கு மண் இல்லை. வடிவு குகை வாயைப் பூசிக்கொண்டாள். ரேணுகா மூங்கில் புதரை அடைத்துக்கொண்டாள். நரிகள் வளையை மூடிக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் ஒரு கீறல், கீறலுக்குப் பின்னால் ஒரு போன். கணவன்மார்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயில் எதையாவது கவ்விக்கொண்டு காடு முழுக்க ஓடினார்கள்.

இதுவரைகூடப் பரவாயில்லை. உள்ளே இருந்தவர்கள் வந்த நாவல்களையெல்லாம் வாசித்துத் தீர்த்துவிட்டு, எழுத ஆரம்பித்தார்கள்.

இரண்டு மாதத்தில் முப்பத்தொன்பது புதுக் காதல் நாவல்கள். வடிவின் நாவலில் நாயகன் தினமும் தேன் கொண்டுவந்தான். கரடிக்குக் கறையான்தான் உயிர் என்றாலும், பதிப்பாளர் மனம் புண்படும் என்று தேனாக மாற்றியிருந்தாள். ரேணுகாவின் நாயகன் அருகம்புல் கொண்டுவந்தான். நரியின் நாயகன் கொண்டுவந்ததைப் பற்றி முயல்கள் குழுவில் ஆட்சேபம் தெரிவித்தார்கள்.

முப்பத்தொன்பது பேரும், "கோமு, நீதான் அறிமுகம் பண்ணணும்," என்றார்கள்.

கோமளவல்லி எல்லாவற்றையும் முழுதாக வாசித்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. ஒன்றுக்கு இரண்டு நட்சத்திரம், இன்னொன்றுக்கு ஒன்று, தேன் நாவலுக்கு ஒன்றரை என்று நேர்மையாகப் போட்டாள். போட்டதும் எழுதியவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. 'கோமளவல்லி மூன்று போடும்வரை விடமாட்டேன்' என்று ஒவ்வொருத்தியும் இரண்டாம் பாகம் எழுதத் தொடங்கினாள்.

அந்த நேரத்தில்தான் சௌதாமினி சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே குஞ்சும் எட்டிப் பார்த்தது. சௌதாமினியின் சிறகு மடங்கிக் கசங்கியிருந்தது. ஒரு கிளை, இரண்டு கிளை என்று தத்தித் தத்தி இறங்கி, கோமளவல்லியின் வளை வாசலில் வந்து நின்றாள். இருவரும் நேருக்கு நேர் பார்த்து நான்கு மாதமாகியிருந்தது.

"திரும்ப ஒரு தடவை படிச்சுப் பார்த்தேன்டி," என்றாள் சௌதாமினி. "பதினஞ்சாவது அத்தியாயத்துல எனக்கே தூக்கம் வந்துச்சு."

"நான் ஆறாவதுலயே..."

"தெரியும், சொல்லாத. ஆனா அதை முதல்ல என்கிட்ட சொல்லியிருக்கலாம். ஊருக்குச் சொல்லிட்டு அப்புறம் எனக்குச் சொன்ன பாரு, அதுதான் வலிச்சுது."

கோமளவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். முள்ளெல்லாம் தானாகப் படிந்தன. "தப்புதான் சௌதா," என்றாள். கட்டிக்கொள்ள முடியாத உடம்பு என்பதால், சௌதாமினி தன் பெரிய அலகால் அவள் மூக்கை மட்டும் ஒரு தடவை உரசினாள்.

அப்போது வேலப்பன் வந்தான். பாதி கரடியாக இளைத்திருந்தான். முகம் பூராவும் தேனீ கொட்டி வீங்கியிருந்தது.

"அம்மணி, வடிவு இரண்டாம் பாகம் முடிச்சுட்டா. கையெடுத்துக் கும்பிடறேன், அஞ்சு போட்டுடுங்க."

"ஒண்ணரைக்கு மேல தேறாதுங்களே."

சௌதாமினி குறுக்கிட்டாள். "கோமு, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீ எனக்கு அன்னைக்கே அஞ்சு போட்டிருந்தா, நான் போனைக் கீழே வெச்சுட்டுக் குஞ்சைப் பார்த்திருப்பேன். ரெண்டு போட்டியா? ஆத்திரத்துல நானும் ரெண்டாம் பாகம் எழுதிட்டேன்."

கோமளவல்லி படிவத்தைத் திறந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஐந்து நட்சத்திரத்தை அழுத்தினாள்.

அரைமணி நேரத்தில் குகை வாயில் பூசிய மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வடிவு வெளியே வந்து சோம்பல் முறித்தாள்.

"அஞ்சு வந்தாச்சு," என்றாள். "இனிமே எழுதி என்ன ஆகணும்? வெயில் எப்படி இருக்கு பாருங்க, வாங்க, ஓடைப்பக்கம் போயிட்டு வரலாம்."

கோமளவல்லி மீதி முப்பத்தெட்டுப் பேருக்கும் வரிசையாக ஐந்து போட்டாள். வாசிக்கக்கூட இல்லை. நாலே நாளில் காட்டில் ஒரு சுவர் மிச்சமில்லை. கணவன்மார்கள் நாவல் மரத்தடியில் கூடிப் படுத்துத் தூங்கினார்கள். கறையான்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு சௌதாமினி தன் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "எனக்கு எத்தனைடி?" என்றாள்.

கோமளவல்லி அதை மூன்று நாள் வாசித்தாள். வரி வரியாக வாசித்தாள். பிறகு படிவத்தைத் தொடாமல் நேரே தோழியிடம் போய், "ரெண்டரை," என்றாள்.

சௌதாமினியின் முகம் மலர்ந்தது. "அரை ஏறியிருக்கு!" என்று கத்திக்கொண்டே, மூன்றாம் பாகம் எழுதப் பறந்துபோனாள்.

நீதி: புது நாவல் எதுவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போடுங்கள், எழுதுகிறவர் திருப்தியடைந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். உண்மையை உற்ற தோழிக்கு மட்டும் சொல்லுங்கள். சொன்ன பாவத்துக்கு அடுத்த பாகத்தையும் நீங்களே உட்கார்ந்து படியுங்கள்.