என் நிரலுக்கு ஒப்புதல் தராத உங்கள் தங்கை பற்றி

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் உள்ள மச்சானுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நலம் என்றால், ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்துகொண்டு மூன்று நாளாகக் கணினி வழியாக மட்டும் பேசிக்கொள்கிறோம். உங்கள் முதுகுவலி தேவலையா? போனில் பேசினால் அவள் காதில் விழும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

கணினியின் அடிவயிற்றில் கர்னல் என்று ஒன்று உண்டு. அங்கே ஒரே சமயத்தில் ஆயிரம் வேலை நடக்கும். ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஒரு பூட்டு. பூட்டு கைக்கு வந்தவர்தான் உள்ளே எழுதலாம், மற்றவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டும். வேலை முடிந்த பதிவேட்டைத் தூக்கிப் போடாமல், பூட்டோடு அப்படியே அடுத்தவருக்குக் கொடுக்கும்படி மூன்று மாதம் மாடாய் உழைத்து ஒரு நிரல், அதாவது புரோகிராம், எழுதினேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் கிடைத்தால்தான் கர்னலின் இந்த வருஷ வெளியீட்டில் சேரும். தவறினால் அடுத்த வருஷம்தான். சரிபார்ப்பவள் யார் என்கிறீர்கள்? சாட்சாத் உங்கள் தங்கை!

போன மாதம் துணிக்கடையில் உடை மாற்றும் அறைக்கு வெளியே அவளுக்காக ஒரு சட்டையோடு நின்றேன். போன் வந்தது, ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். அதற்குள் இவள் வெளியே வந்து வேறொரு அம்மாள் உள்ளே போயிருக்கிறார். அது தெரியாமல் கதவுக்கு மேலே சட்டையை நீட்டி, "இது உன்னை இன்னும் குண்டாக் காட்டும், பரவாயில்லையா?" என்றேன். அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்து என் கையைப் பிடித்தார். உங்கள் தங்கையோ தூரத்தில், என்னை யாரென்றே தெரியாதவள் போல விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

இதை என் நிரலுக்குக் கீழே, முப்பது பேர் படிக்கும் இடத்தில் எழுதிவிட்டாள், மச்சான்! "காத்திருக்கற நேரத்துல உள்ள ஆள் மாறிட்டாங்களான்னு பார்க்கவே மாட்டேங்கறார். கடையிலயும் இப்படித்தான்." மேலாளர் என்னைக் கூப்பிட்டுச் சட்டை என்ன நிறம் என்று விசாரித்தார். மானம் போயிற்று.

பேச்சு நிற்பதற்கு முன் வீட்டில் கேட்டேவிட்டேன். "ஒவ்வொரு தடவையும் பதிவேட்டைப் புதுசாவே பண்ணிக்கறேன், போதுமா?"

"அப்புறம் மெஷின் நொண்டியடிக்கும். பழசையே கொடுங்க, தப்பில்ல. பூட்டு கைக்கு வந்ததும், நாம தேடி வந்தது இதுதானான்னு ஒரு தடவை பாருங்க. இல்லைன்னா விட்டுட்டுத் திரும்பத் தேடுங்க. மூணே வரி."

"ஆள் மாறுறதெல்லாம் லட்சத்துல ஒரு தடவைதான் நடக்கும்!"

"இங்க நொடிக்கு லட்சம் தடவை பூட்டறாங்க. அப்படின்னா நொடிக்கு ஒண்ணு நடக்கும்ங்க."

கணக்கு அவளுக்கு நன்றாக வரும், அது வேறு விஷயம். நீங்கள் அண்ணன், ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்களையே நம்பியிருக்கும் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அவள் சொன்னது தப்பு என்று நிரூபித்துவிட்டே கடிதத்தை அனுப்பலாம் என்று சோதனையை ஓட்டினேன். நாலாவது நொடியே இயந்திரம் உயிரை விட்டது. சத்தம் போடாமல் மூன்று வரியைச் சேர்த்தேன். நாள் முழுக்க ஓடியது. ஆகவே மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் விலாசம் எனக்கு மனப்பாடம் இல்லை, அவளிடமே கேட்க வேண்டியதாகிவிட்டது. கடிதத்தைப் பிடுங்கி முழுதும் படித்துவிட்டு, கீழே ஒரு வரி எழுதியிருக்கிறாள்: "சரிபார்த்தேன் அண்ணா. லெட்டர், நிரல் ரெண்டையும் அனுப்பலாம்."