சக்கரம் வைத்த புகையடுப்பு

"புகை வராத மாடல் ஏதாவது இருக்காம்மா?"

கடைப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சார், இதுக்குப் பேரே புகையடுப்பு."

"அது தெரியும். ரொம்ப வராத மாதிரி..."

"புகையிலதான் சார் கறியே வேகும். புகை வேண்டாம்னா எதிர்க் கடையில குக்கர் விக்கிறாங்க."

பின்னால் நின்றிருந்த ஒரு குடும்பமே சிரித்தது. பாதுகாப்பு சாருக்குக் காது மடல் சுட்டது.

தீயணைப்புத் துறையில் அவர் பயிற்சியாளர். இருபத்திரண்டு வருடமாக நெருப்பை அணைக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு, மூட்டிப் பழக்கமில்லை. 'பாதுகாப்பு சார்' என்பது நிலையத்தில் வைத்த பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நிலையத்துக்காரர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் கூடிக் கறி சமைத்துச் சாப்பிடுவார்கள். சார் ஏழு வீட்டில் சாப்பிட்டாயிற்று. சாப்பிட்டதோடு விட்டாரா? கை கழுவின ஈரம் காய்வதற்குள், "இந்த அடுப்பு சுவத்துக்கு இவ்வளவு பக்கத்துல இருக்கக் கூடாது", "அந்த கேஸ் டியூபை மாத்துங்க" என்று ஏழு வீட்டிலும் குறை சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். அதனாலேயே யாரையும் தன் வீட்டுக்குக் கூப்பிடப் பயம். வந்தால் பதிலுக்கு என்னென்ன கண்டுபிடிப்பார்களோ! முறை வரும்போதெல்லாம், "வீட்டுல பெயின்ட் அடிக்கிறாங்க" என்று சொல்லித் தப்பித்துவந்தார்.

நான்காவது முறை சொன்னபோது நிலைய அதிகாரி நிதானமாகக் கேட்டார்.

"என்ன கலர் சார்?"

சாருக்குச் சட்டென்று ஒரு கலரும் ஞாபகம் வரவில்லை. எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அது தாங்காமல், "பெயின்ட் முடிஞ்சுது. வர்ற ஞாயிறு எங்க வீட்டுலதான்!" என்று உளறிவிட்டார்.

இப்போது சனிக்கிழமை காலை. கையில் அளவு நாடா.

"சுவத்துலேர்ந்து பத்தடி தள்ளி இருக்கணும். வேலியிலேர்ந்து பத்தடி. துணிக்கொடியிலேர்ந்தும் பத்தடி."

"தோட்டம் எத்தனை அடி சார்?"

"பதினெட்டு."

கடைப் பெண் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துக் கைவிட்டாள். "அப்ப ஒரே இடத்துல வெக்காதீங்க. தள்ளிட்டுப் போற மாதிரி எடுங்க. காத்து மாறினா அடுப்பையும் மாத்திக்கலாம்."

முதலில் காட்டியதில் இரண்டு சக்கரம், இரண்டு கால். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு தள்ள வேண்டும். முதுகு பிடித்துக்கொள்ளும். அடுத்ததன் சக்கரங்கள் கோலிக்குண்டு மாதிரி இருந்தன. புல்லில் புதைந்துவிடும். மூன்றாவது, பீப்பாய் வயிறும் நீளப் புகைபோக்கியும் நான்கு ரப்பர் சக்கரமுமாக, ஒரு விரலால் தொட்டதற்கே நகர்ந்தது.

"இதுல பிரேக் இருக்கா?"

"சார், இது அடுப்பு. லாரி இல்ல."

"பிரேக் இல்லாம நான் எடுக்க மாட்டேன்."

கிடங்கைக் குடைந்து பிரேக் வைத்ததாக ஒன்றைக் கொண்டுவந்து, அவர் இடத்தைக் காலி செய்தால் போதும் என்பதுபோல் கரிமேல் போட்டுப் புகை எழுப்பும் மரத்துண்டு ஒரு மூட்டையும் இலவசமாகக் கொடுத்தாள்.

வண்டியில் ஏற்றும்போதுதான் ஞாபகம் வந்தது. மனைவிக்குப் போன் செய்தார்.

"வர்ற வழியில அஞ்சு கிலோ கரி வாங்கிட்டு வந்துடு."

"இன்னும் அஞ்சு கிலோவா?"

"எட்டுப் பேரு வர்றாங்க. குறைஞ்சா அசிங்கம்."

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மேஜையில் பத்துக் கிலோ கறி இருந்தது.

"கரி எங்க?"

"கண்ணு முன்னாடி என்ன இருக்கு?"

"இது கறி. நான் கேட்டது கரி!"

"நானும் அதைத்தானே வாங்கினேன்!"

"அடுப்புல போடற கரி!"

"அடுப்புலதானே போடப் போறோம்!"

விஷயம் புரிந்ததும் மனைவி குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். பாதிதான் உள்ளே போகும். மீதியை இன்றைக்கே சமைத்தாக வேண்டும்.

"சரி, ஒத்திகைன்னு வெச்சுக்கலாம்" என்ற சார், தானே போய்க் கரியும் வாங்கிவந்தார். அந்த மரத்துண்டு மூட்டையின் மேல் 'நனைத்துப் பயன்படுத்தவும்' என்று போட்டிருந்தது. எவ்வளவு என்று போடவில்லை. பாதுகாப்பை உத்தேசித்து மொத்தத்தையும் நனைத்தார்.

இரண்டு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கறி பொன்னிறத்துக்கு வந்தது. சார் தனக்குள் ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தார். அப்போது காற்று திரும்பியது.

புகை மொத்தமாக எழுந்து சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே போனது. வீட்டில் அவரே மாட்டிய மூன்று புகை எச்சரிக்கை மணிகளும் ஒரே குரலில் அலறின.

"என்னங்க! நீங்க மாட்டினதுதானே, நீங்களே வந்து நிறுத்துங்க!" என்று இருமலுக்கு நடுவே மனைவி கத்தினாள்.

மணியை நிறுத்துவதைவிட அடுப்பை நகர்த்துவதே முறை என்று இடது பக்கம் தள்ளினார். அங்கே வேலிக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. ஐந்து நிமிடத்தில் டாக்டர் தலை வேலிக்கு மேலே வந்தது.

"சார், திங்கக்கிழமை என்கிட்ட வர்றவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. மூக்கைத்தான் பொத்திக்குவாங்க."

"மன்னிச்சுக்குங்க டாக்டர். இதோ நகர்த்திடறேன்."

"நீங்க தீயணைப்புத் துறைதானே?"

சாதாரணமாகத்தான் கேட்டார். சாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. தலை நிமிராமல் அடுப்பை வீட்டு முன்பக்கம் தள்ளினார்.

வாசல் சரிவு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ரப்பர் சக்கரங்கள் கடையில் பார்த்ததைவிட நன்றாகவே உருண்டன. தள்ளிக்கொண்டிருந்தவர் தொங்கிக்கொண்டு போனார். அடுப்பு குப் குப்பென்று புகை விட்டபடி கேட்டைத் தாண்டி, ரயில்போலத் தெருவில் இறங்கியது. நடந்து போனவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு குழந்தை டாட்டா காட்டியது.

கடைசியில் பிரேக்கைக் காலால் மிதித்தார். அடுப்பு நின்றது. எங்கே என்று நிமிர்ந்து பார்த்தார். தீயணைப்பு வண்டிக்கென்று தெருவில் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய்க்கு நேர் முன்னால். 'இங்கே எதையும் நிறுத்தாதீர்' என்ற பலகை தலைக்கு மேலே தொங்கியது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததே அவர்தான்.

பிரேக்கை எடுக்கப் பார்த்தார். அது இறுகிவிட்டது. உதைத்தார், கெஞ்சினார். அசையவில்லை.

அப்போது தெருமுனையில் சிவப்பு வண்டி திரும்பியது.

சைரன்கூடப் போடவில்லை. தன் மானத்தைக் காப்பாற்றத்தான் சத்தமில்லாமல் வருகிறார்கள் என்று புரிந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி பக்கத்தில் வந்து நின்றது. நிலைய அதிகாரி இறங்கினார். பின்னால் ஆறு பேர். எல்லாரும் அவரிடம் படித்தவர்கள்.

"சார், நாங்க..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார் சார். முகமெல்லாம் கரி. "புகார் நோட்டை எடுங்க. என் பேரை நானே எழுதிடறேன். குழாயை மறிச்சது ஒண்ணு. வீட்டுச் சுவத்துலேர்ந்து எட்டடியிலதான் பத்த வெச்சேன், அது ரெண்டு."

"அதில்ல சார், வந்து..."

"இன்னும் இருக்கு. எங்க வீட்டுக்கு யாரும் பெயின்ட் அடிக்கல. நாலு தடவையும் பொய். உங்க ஏழு வீட்டுலயும் வயிறாரச் சாப்பிட்டுட்டுக் குறை சொன்னேன். என் வீட்டுல நீங்க குறை கண்டுபிடிச்சுடுவீங்கன்னு பயந்துதான் கூப்பிடல. இப்போ தெருவே பார்த்தாச்சு. இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் வகுப்புல நிப்பேன்? யார் புகார் குடுத்தாங்க, டாக்டரா? அவர் மேல தப்பே இல்ல."

பின்னாலேயே தெருவுக்கு வந்து நின்ற டாக்டர், "ஐயோ, நான் போனையே தொடல" என்றார்.

ஓடிவந்த மனைவி மூச்சு வாங்கினாள். "நானும் பண்ணலைங்க!"

சார் நிலைய அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வண்டியைப் பார்த்தார். வண்டி ஓட்டிவந்த பெண், மார்போடு ஏதோ கனமாக அணைத்துப் பிடித்துக்கொண்டு, கதவைக் காலால் தள்ளித் திறந்து இறங்கினாள்.

"யாருமே கூப்பிடல சார், வாசனை ஸ்டேஷன் வரைக்கும் வந்துச்சு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பசி தாங்காதுன்னு தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வந்துட்டோம்!"