பதினோரு வயதுக் கணினியும் வட்டத்தலைவரின் இடுப்பும்

லுவோதோங், தைவான்,
மழை விடாத வியாழக்கிழமை.

என் அன்புக்கும் அவ்வப்போது என் கோபத்துக்கும் உரிய தம்பி ஜின்தாங்குக்கு, அக்கா யூஷியா எழுதுவது. இங்கே நானும் என் பத்து விரல்களும் நலம். ஊரில் யாருக்கும் தோள்வலி குறையவில்லை என்பதால் தொழிலும் நலம். சின்சூவில் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும் என்று இன்று காலை அப்பா அம்மா படத்தின் முன் ஊதுபத்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஆசையாக அனுப்பிய புதுக் கணினியை அடுத்த வாரம் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ.

கோபித்துக்கொள்ளாமல் கேள். என் பழைய கணினிக்குப் பதினோரு வயது. ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. போன மாதம் ஒரு மத்தியானம், நம் வட்டத்தலைவர் ஜியன் என் மசாஜ் மேசையில் குப்புறக் கிடந்தார். அடுத்த வருடம் தேர்தல் என்பதால் மனிதருக்குக் கழுத்து மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது. நான் கட்டைவிரலை வைத்து அழுத்திய அதே நொடியில் கணினி வாய் திறந்து, "உங்களுக்கான ஆதரவு அடுத்த மாதத்துடன் முடிவடைகிறது. உடனே மாறிக்கொள்ளுங்கள்" என்று கணீரென்று அறிவித்தது.

"யாரு அது? எதிர்க்கட்சிக்காரனா?" என்று ஜியன் துள்ளி எழுந்ததில் இளக்கிய கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டது.

"தலைவரே, அது உங்களைச் சொல்லல. என் கணினியைச் சொல்லுது. கம்பெனிக்காரங்க இனிமே அதுக்குப் பாதுகாப்பு தர மாட்டாங்களாம்."

"என்னைத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன் அக்கா. ஊரே அப்படித்தான் பேசிக்குது."

இதை உன்னிடம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் நான் செய்த தப்பு. நான்காம் நாள் பெட்டி வந்து இறங்கியது. "காலம் மாறுதுக்கா, நீயும் மாறு" என்றாய். மாறினேன். கொண்டுவந்தவர் பழையதில் இருந்ததையெல்லாம் புதியதில் ஏற்றி, பழையதை ஓரம் தள்ளிப் புதியதை மாட்டிவிட்டுப் போனார். என் பிரெய்ல் பலகையைச் செருகினேன். திரையில் இருப்பதைப் புள்ளிகளாக விரலுக்கடியில் எழுப்பித் தருமே, அதே பலகைதான். "அறியப்படாத சாதனம்" என்றது புதுக் கணினி. பலகை செய்த கம்பெனிக்குப் போன் போட்டால், "அந்த மாடலுக்கு இனிமே மென்பொருள் வராதும்மா, புதுப் பலகை வாங்கிக்கோங்க" என்றார்கள். கணினிக் கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பையன் மிகவும் மரியாதையாகப் பேசினான்.

"திரைல வலது மூலைல நீலமா ஒரு பட்டன் தெரியுதாங்கம்மா?"

"தெரியலப்பா."

"நல்லாப் பாருங்கம்மா."

"நாப்பத்தாறு வருஷமா நல்லாத்தான் பாத்துட்டிருக்கேன். ஒண்ணும் தெரியல."

அவன் மேலதிகாரியைக் கேட்டு வருவதாகச் சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டுப் போனான். அந்தப் பாட்டு எனக்கு இப்போது மனப்பாடம்.

சரி, அதுதான் பேசுகிறதே, காதால் கேட்டுக்கொள்ளேன் என்பாய். அங்கேதான் வினை. என் வாடிக்கையாளர்களின் குறிப்பெல்லாம் அதற்குள் இருக்கிறது. யாருக்கு இதயத்தில் கருவி வைத்திருக்கிறது, யாருக்கு எந்த எலும்பு தேய்ந்தது, யாரை எங்கே அழுத்தக் கூடாது எல்லாம். ஒரு வரி தவறினால் ஒரு ஆள் ஆஸ்பத்திரிக்குப் போவார். அதை நான் விரலால் ஓசையில்லாமல் படிப்பேன். புதுக் கணினிக்கு ஓசையில்லாமல் எதுவும் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை ஜியன் ஒரு மேசையில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு மேசையில் அவர் மனைவி. ஒலியைக் குறைப்பதாக நினைத்து நான் எதையோ தட்ட, அது தேன் வழியும் குரலில் ஊருக்கே வாசித்தது: "ஜியன். இடுப்பு வலி. காரணம், மனைவிக்குத் தெரியாமல் மச்சான் வீட்டில் எட்டு மணி நேரம் மாஜோங் சூதாட்டம்."

உடனே திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து, "எட்டு மணி நேரமா?" என்று ஒரு குரல்.

மறுநாள் காலை ஜியன் குடையோடு வந்து நின்றார். "அக்கா, நான் என்ன செய்யணும் சொல்லுங்க. இந்த வாயாடி இங்கேருந்து போகணும்."

எனக்கு அப்போது பிங்தோங்கில் இருக்கும் சியூ அக்கா நினைவு வந்தது. ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பார்வை இல்லை. போனில் அழாத குறையாகச் சொன்னேன்.

"அட, இதுக்கா கலங்குற தங்கச்சி? உன் பழைய கணினிக்கு ஒரு குறையும் இல்ல. உள்ள இருக்கிற இயங்குதளத்தை மாத்துனா போதும். நம்மள மாதிரி ஆளுங்க உலகம் பூரா உக்காந்து எழுதினது ஒண்ணு இருக்கு. யாருக்கும் இலவசம். உனக்கு வயசாச்சு, வெளிய போன்னு அது சொல்லாது."

பென்டிரைவில் போட்டுத் தபாலில் அனுப்பினார். நேற்று மத்தியானம் வேலையை ஆரம்பித்தோம். முதலில் என் குறிப்புகளையெல்லாம் தனியாக நகல் எடுக்க வைத்தார். பிங்தோங்கில் ஒரு குருடி போனில் சொல்ல, லுவோதோங்கில் ஒரு குருடி தட்ட, நடுவில் இருந்த இரண்டே கண்கள் வட்டத்தலைவருடையவை. ஆரம்பத் திரை மட்டும் ஊமை, அதை அவர்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

"என்ன தெரியுது?" என்றார் சியூ அக்கா.

"கறுப்பா இருக்கு."

"இப்போ?"

"இன்னும் நல்லாக் கறுப்பா இருக்கு. ஆங், எழுத்து வருது! அன்பார்ந்த பொதுமக்களே—"

"மேடைல பேசாதீங்க தலைவரே, எழுத்தைப் படிங்க!"

ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகப் படித்தார். இரண்டு முறை தப்பாகப் படித்தார், இரண்டு முறையும் முதலிலிருந்து தொடங்கினோம். மூன்றாம் முறை கணினி முனகியது, நின்றது, மறுபடி முனகியது. நான் பலகைமேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எல்லாக் குறிப்பும் இருந்தும் படிக்க வழியில்லாமல் போய்விட்டால், இந்த வயதில் நான் வேறு என்ன தொழில் கற்றுக்கொள்வேன்?

அப்போது விரலுக்கடியில் ஒரு புள்ளி எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் சியூ அக்கா.

"என் பேரைக் கேக்குதுக்கா."

"அப்புறம் என்ன, சொல்லு!"

சொன்னேன். ஜியன் மூக்கைச் சிந்தினார். சளி என்றார். வெங்காயத்தாள் ரொட்டி வாங்கி வந்து, சியூ அக்காவின் பங்கைப் போனுக்கு முன் வைத்து, அதையும் அவரே சாப்பிட்டார்.

ஆகவே தம்பி, இந்தக் கடிதம் பழைய கணினியில், பழைய பலகையில் எழுதப்படுகிறது. நல்ல பொருளைக் குப்பையில் போடச் சொல்லும் யாருடைய பேச்சையும், நீயே ஆனாலும், இனி நான் கேட்பதாக இல்லை. இது இன்னும் பத்து வருடம் ஓடும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உன் மனைவிக்கு என் அன்பு, உனக்கு ஆயுளும் ஆரோக்கியமும். கூனி உட்காராதே. போனில் உன் குரலைக் கேட்டாலே கழுத்து இறுகியிருப்பது தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அக்கா,
சூ யூஷியா

பின்குறிப்பு: மேலே உள்ளதை அச்செடுத்து உறையில் போட்ட மறுநாள் காலை, பழைய கணினி ஒரு பெருமூச்சு விட்டு, கருகல் வாடை அடித்து, போய்ச் சேர்ந்தது. அரை மணி நேரம் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ அனுப்பிய புதியதில் அதே பென்டிரைவைச் செருகினேன். சியூ அக்காவைக் கூப்பிடவில்லை. ஊமைத் திரைக்குத் தட்ட வேண்டியதெல்லாம் மனப்பாடமாகியிருந்தது, ஜியனும் தேவைப்படவில்லை. நாற்பது நிமிடம். பலகையைத் தெரிகிறதாம் அதற்கு. எனவே சனிக்கிழமை அதை எடுக்க வராதே. ஆனால் வா. உங்கள் அலுவலகத்தில் பழையது என்று கணினிகளை மூலையில் குவித்து வைத்திருப்பதாகச் சொன்னாயே, அவற்றையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வா. எங்கள் பார்வையற்றோர் சங்கத்தில் ஏழு பேர் கேட்கிறார்கள். நான்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.